மூன்று காலடி

அவளுடைய வலதுகைக் கட்டைவிரல் சும்மா கிடந்ததே இல்லை. நடக்கத் தொடங்கியதும் அது சுட்டுவிரலின் அடிக்கணுவில் போய் உட்காரும். அடுத்த காலடிக்கு நடுக்கணு. அதற்கடுத்ததற்கு நுனி. அப்புறம் நடுவிரலுக்குத் தாவி மறுபடி அடியிலிருந்து ஏறும். சுண்டுவிரல் நுனிக்கு வந்தால் பன்னிரண்டு. கை தொங்கியபடியேதான் இருக்கும். பக்கத்தில் வருகிறவர்களுக்கு, விரலில் ஒட்டிய பசையை உருட்டி உதிர்க்கிறாள் என்றுதான் தோன்றும். படுக்கையறையிலிருந்து அடுப்படிக்குப் பதினாலு, வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்று அவளுடைய உலகம் முழுவதும் கணுக்கணுவாக எண்ணப்பட்டிருந்தது.

பிறவிக் குணம் அல்ல, பிழைப்பு பழக்கிவிட்டது. நகர அலுவலகத்தில் அவளுக்குத் தெருப் பார்வையாளர் என்று பதவி. கடைத்தெருவில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் படிவப் பலகையுமாக நின்றுகொண்டு, கண் மருத்துவத்துக்கு, ஆதரவற்றோர் இல்லத்துக்கு, தெருநாய்களுக்கு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நன்கொடைக்குச் சம்மதம் கேட்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை ஊர் ‘அட்டைக்காரர்கள்’ என்றது. ஒரு காலத்தில் அவர்களுக்குப் பயந்து ஜனங்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு ஓடினார்கள். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். புகார் குவிந்தது. அலுவலகம் விதி போட்டது. கடை வாசலை மறிக்கக் கூடாது. பணம் எடுக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது. ஆளைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கேட்டுக்கொண்டே மூன்று காலடிக்கு மேல் கூட நடக்கக் கூடாது. மீறினால் ஒரு சிவப்புக் குறி. மூன்று குறி சேர்ந்தால் அட்டை பறிபோகும். ஒரு வருடத்துக்கு எந்தத் தெருவிலும் நிற்க முடியாது.

யார் மீறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பார்ப்பது என்றால் ஓரமாக நின்று பார்ப்பதில்லை. வழிப்போக்கரைப் போல நடந்து போய், அவர்களிடம் அகப்பட்டு, எண்ணுவது. ஒருநாள் கண்ணாடி, ஒருநாள் தொப்பி, ஒருநாள் கையில் காய்கறிப் பை. பதினோரு வருடம். அவளுடைய சுட்டுவிரலில் மூன்று கணு, விதியில் மூன்று காலடி. கட்டைவிரல் நடுவிரலுக்குத் தாவிவிட்டால் குற்றம் நடந்துவிட்டது என்று பொருள்.

உட்கார்ந்து வேலை பார்ப்பது அவளுக்கு ஆகாது. சேரில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் எழுந்து சன்னலைத் திறப்பாள், பதினோராவது நிமிடம் மூடுவாள். “உனக்கு எங்கேயோ ஒரு ஸ்ப்ரிங்கை அதிகமா வெச்சுத் தெச்சுட்டாங்க” என்பான் அவள் கணவன். அவன் தையல்காரன், முன்னறையில் மெஷின் போட்டு முப்பது வருடமாக உட்கார்ந்தே இருப்பவன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அலுவலகப் படிக்கட்டில் அவள் சறுக்கினாள். இடது முட்டி. அன்றைக்கு வீங்கியது, ஒரு வாரத்தில் வடிந்தது. அதற்குப் பிறகு முட்டி முழுக்க மடங்க மறுத்தது, சில சமயம் கேட்காமலே மடங்கியது. அலுவலகத்தில் அவள் மூச்சு விடவில்லை. முட்டி சரியில்லை என்று தெரிந்தால் தெருவிலிருந்து எடுத்து, அட்டை விண்ணப்பம் வாங்கும் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். கண்ணாடித் தடுப்பு, முத்திரை, மைப்பெட்டி, சுழல் நாற்காலி. நினைத்தாலே அவள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவாள்.

அந்த ஏழு மாதத்தில் தெருவும் கெட்டுப்போயிருந்தது. அப்படித்தான் அவள் நினைத்தாள். அதற்கு முந்தின வருடம் முழுக்க அவள் போட்ட சிவப்புக் குறி ஒன்பது. இப்போது ஏழே மாதத்தில் இருபத்தாறு. பிரிவு அதிகாரி அவளைக் கூப்பிட்டு, “உங்களை மாதிரி ரெண்டு பேர் இருந்தாப் போதும் மேடம், தெருவே சுத்தமாயிடும்” என்றார். அவளும் கொஞ்சம் பூரித்துத்தான் போனாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் கொக்கு நின்றாள். கண் மருத்துவத்துக்காகக் கேட்கிறவள், பச்சை மேல்சட்டை. நெடுநெடுவென்ற உயரத்தால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் கொக்கு. முப்பது வயது இருக்கும். செருப்புக்கடையில் வேலை பார்த்தவள், அந்தக் கடையை ஒரேயடியாக மூடியதும் இங்கே வந்தாள். வீட்டு வாடகையும் இரண்டு தங்கைகளின் படிப்பும் அவள் கழுத்து அட்டையில்தான் தொங்கின. அந்த அட்டையின் மேல் ஏற்கெனவே இரண்டு சிவப்புக் குறி. இரண்டும் இந்த ஏழு மாதத்தில் நம்மவள் போட்டதுதான். இரண்டுமே ‘நான்கு காலடி.’

“அக்கா, ஒரே ஒரு நிமிஷம்! ஒரு நிமிஷத்துல யாரும் ஏழையாயிட மாட்டாங்க.”

“வேண்டாம்மா.”

அடிக்கணு. நடுக்கணு.

“வேண்டாம்னா பரவாயில்லக்கா. காதை மட்டும் குடுங்க, காசு அப்புறம்.”

நுனி. நடுவிரலின் அடிக்கணு. அந்த இடத்தில் அவள் முட்டிக்குள் ஏதோ சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலை வைத்தாள். நடுவிரலின் நடுக்கணு. கொக்கு இன்னும் பக்கத்திலேயே வந்தாள். அதோடு நிற்காமல் வலது கையை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். தொடவில்லை, ஒரு விரற்கடை இருந்தது.

“பார்த்து… பார்த்துப் போங்கக்கா.”

என்ன திமிர் என்று நினைத்தபடி அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கடைத்தெருப் பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். ‘மறுத்த பிறகும் ஐந்து காலடி உடன் நடந்தார். கையை நீட்டினார்.’ மூன்றாவது குறி. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அதில் அவள் நேரில் வந்து ‘ஆம், நான் எண்ணினேன்’ என்று கையெழுத்துப் போட்டால் கொக்கின் அட்டையைக் கழற்றிவிடுவார்கள்.

மறுநாள் சாயங்காலம் கணவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

“இங்க வா. இந்த பேன்ட்டைப் பாரு. உன்னைத் தெருவுல நடக்கச் சொன்னாங்களா, தெருவைக் கூட்டச் சொன்னாங்களா?”

இடது கால் விளிம்பு நைந்து தும்பு தும்பாகத் தொங்கியது. வலது கால் விளிம்பு தைத்த அன்றிருந்த மாதிரியே இருந்தது.

“நூல் மட்டமா இருக்கும். நீங்க தெச்சதுதானே.”

“என் தையலைக் குத்தம் சொல்லித் தப்பிக்கலாம்னு பார்க்காதே. ரெண்டு காலுக்கும் ஒரே நூல்தான்.” விளிம்பை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். “காலை இழுத்துத்தான் நடக்கறே. எத்தனை நாளா?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“படுக்கையறையில இருந்து அடுப்படிக்கு எத்தனை?”

“பதினாலு. பதினோரு வருஷமா பதினாலுதான். அதுக்கென்ன இப்ப?”

“நட.”

அவள் நடந்தாள். கட்டைவிரல் ஒரு சுற்று முடித்து மறுசுற்றில் ஏறிக்கொண்டே போனது. அடுப்படி வாசலில் நின்றபோது மோதிரவிரல் நுனி. இருபத்தொன்று.

“வெறும் காலோட நடந்தேன், அதான்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தாள். இருபத்தொன்று. பேருந்து நிறுத்தத்துக்கு இப்போதெல்லாம் முந்நூற்றுப் பதினெட்டு ஆகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாலை வேலைக்காக நிறுத்தத்தைத் தள்ளி வைத்திருப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிவைத்திருந்தாள்.

கணவன் செருப்பின் அடியில் தையல் சாக்கட்டியைத் தேய்த்தான். அவள் நடந்தாள். தரையில் விழுந்த வெள்ளைத் தடங்களின் மேல் அவன் மண்டியிட்டு இன்ச் டேப்பை விரித்தான். ஏதோ ஒரு நீளமான மனிதருக்குச் சட்டை அளவு எடுக்கிற மாதிரி இருந்தது.

“வலது கால் வெக்கிறது அறுபது சென்டிமீட்டர். இடது கால் வெக்கிறது இருபது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா காலடிக்கு நாப்பதுதான் வருது.” எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். “துணியா இருந்தா உள்ள மடிச்சதைப் பிரிச்சு விட்டுடுவேன். காலை என்ன பண்றது?”

அவள் சிரிக்கவில்லை. கணக்கு அவளுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. பழைய மூன்று காலடி என்பது நூற்றெண்பது. இப்போதைய நான்கு காலடி நூற்றறுபது. அதாவது அவள் ‘நான்கு’ என்று எழுதியதெல்லாம் மூன்றுகூட இல்லை. தெரு கெட்டுப்போகவில்லை. அவள் கால்தான் சுருங்கியிருந்தது, அவள் அதைத் தெருவின் தலையில் எழுதிவிட்டாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் வீட்டுக்குள் நடந்தாள். அலமாரியைத் துடைத்தாள், துடைத்த அலமாரியை மறுபடி துடைத்தாள். குழாயைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று மறந்தாள்.

“கட்டைவிரல் தேஞ்சு போயிடும்” என்றான் கணவன், ஊசியில் நூல் கோத்தபடி. “போய்ச் சொல்லிடேன். தலையையா வாங்கிடப் போறாங்க?”

“கவுன்ட்டர்ல உக்கார வெச்சிடுவாங்க.”

“உக்கார்றது அவ்வளவு பெரிய தண்டனையா? நான் முப்பது வருஷமா அனுபவிச்சிட்டுதானே இருக்கேன்.”

“உங்களுக்கு உக்காந்தா மெஷின் ஓடுது. எனக்கு என்ன ஓடும்?”

அவன் கோத்த நூலின் நுனியில் முடிச்சுப் போட்டான். “அப்ப சொல்லாதே. ஆனா இந்த நடையைக் கொஞ்சம் நிறுத்து. கீழ் வீட்டுக்காரர் உத்தரத்தைப் பார்த்துட்டே சாப்பிடறாராம்” என்றான்.

சொல்லாமல் இருக்கலாம். முட்டி ஒருநாள் சரியாகும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கொக்குக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும்? இப்படி ஒவ்வொரு வாக்கியமாக அவள் எடுத்துவைத்தாள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையாகப் படித்தால் வாய் கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் கடைத்தெருவுக்குப் போனாள். பார்வையாளராக அல்ல; நோட்டுப் புத்தகக் கடையின் உள்ளே பேனா பார்க்கிறவள் போல நின்று, கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கக் கொக்கைக் கவனித்தாள். வேகமாகப் போகும் அலுவலக ஆள், தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் அம்மா, ஊன்றுகோல் பெரியவர் என்று ஒவ்வொருவரோடும் கொக்கு கொஞ்சம் நடந்தாள், சிரித்தாள், சட்டென்று நின்றாள். எல்லோரிடமும் ஒரே இடத்தில் நின்றாள். அது எப்படி என்று பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது. கொக்கு காலடியை எண்ணவே இல்லை. நடைபாதையில் பதித்த கற்களை எண்ணினாள். ஒரு கல், இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது கல்லின் விளிம்பில் கால் ஆணியடித்த மாதிரி நின்றது.

கூட்டம் குறைந்ததும் நம்மவள் எதிர்ப்பக்கத்தில் வேறோர் இடத்தில் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் ஒரு கல்லைச் சாணால் அளந்தாள். நாற்பத்தைந்து இருக்கும். நான்கு கல் நூற்றெண்பது. விதி எழுதியவரைவிட விதியைக் கச்சிதமாக வைத்திருந்தாள் அந்தப் பெண்.

ஆனால் இன்னொன்றும் அப்போது தெரிந்தது. வியாழக்கிழமை ஐந்து காலடி. ஐந்து நாற்பது இருநூறு. கொக்கு அன்றைக்கு மட்டும் நான்காவது கல்லைத் தாண்டி அரைக் கல்லுக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறாள். இத்தனை பேரிடம் ஆணியடித்து நிற்கிறவள், அந்த அரைக் கல்லை ஏன் தாண்டினாள்? வீடு வரும் வரைக்கும் அது கால் செருப்புக்குள் புகுந்த சிறு கல்லாக உறுத்திக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை விசாரணை அறையில் நான்கு நாற்காலிகள். பிரிவு அதிகாரி, எழுத்தர், கொக்கு, அவள். கொக்கின் முழங்கால்கள் மேசைக்கு அடியில் இடம் போதாமல் பக்கவாட்டில் நீண்டிருந்தன. கழுத்து அட்டையை அவளே கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். கேட்ட பிறகு கழற்றுவது இன்னும் கஷ்டம் என்று நினைத்திருக்கலாம்.

அதிகாரி படிவத்தைப் படித்தார். “ஏம்மா, ஏற்கெனவே ரெண்டு குறி இருக்குன்னு தெரியும்ல? வேண்டாம்னு சொன்ன பிறகும் எதுக்குக் கூட நடந்தே? கையை வேற நீட்டியிருக்கே.”

கொக்கு நம்மவளை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தாள்.

“பழக்கதோஷம் சார்.”

“அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?”

“இல்ல சார்.”

“நல்லது. மேடம், இங்க ஒரு கையெழுத்து.”

பேனா அவள் பக்கம் வந்தது. மேசைக்கு அடியில் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது, நடக்காமலேயே. அடி, நடு, நுனி. அடி, நடு, நுனி. பிறகு நின்றது.

“சார், விதியில மூணு காலடின்னு இருக்கே, அது யாரோட காலடி?”

அதிகாரி நிமிர்ந்தார். “காலடின்னா காலடிதான். இதென்ன கேள்வி?”

“கொஞ்சம் எடுத்துப் பாருங்க சார்.”

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். “யாரோடதுன்னு போடலை சார்” என்றார், தான் தொலைத்துவிட்ட மாதிரி.

“நான் என் காலடியைத்தான் எண்ணினேன். ஏழு மாசமா என் காலடி சின்னதாயிடுச்சு. முட்டி போயிடுச்சு சார். நான் சொல்லலை.” பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வைத்தாள். கணவன் சாக்கட்டியால் எழுதிக் கொடுத்த அளவுகள்: வலது அறுபது, இடது இருபது. “நான் நாலுன்னு எழுதினது எதுவும் மூணுகூட வராது. இந்தப் பொண்ணோட முதல் ரெண்டு குறியும் தப்பு.”

அதிகாரி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப ஏழு மாச ரிப்போர்ட்டும் குப்பைங்கறீங்க?”

“ஆமா சார்.”

“இருபத்தாறு குறி! மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதுவேன்? பார்வையாளருக்குக் கால் சுருங்கிடுச்சுன்னா?” தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஞாபகம் வந்தவராக, “சரி, வியாழக்கிழமை அஞ்சு. அதுவாவது மூணைத் தாண்டுதா?”

அவள் கொக்கைப் பார்க்கவில்லை. “தாண்டுது சார். நடைபாதைக் கல்லுல அரைக் கல் அளவுக்கு. அது ஒண்ணு மட்டும் நிக்கும்.”

எழுத்தர் பழைய இரண்டு குறியையும் அடித்து, புதிதாக ஒன்றைப் போட்டார். கொக்கு மேசையிலிருந்த அட்டையை எடுத்து, கயிற்றைப் பிரித்து, கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதன் மேல் ஒரே ஒரு சிவப்புக் குறி. வெளியே போகும்போது நம்மவள் பக்கம் லேசாகத் தலை தாழ்த்தினாள். நன்றி மாதிரியும் இருந்தது, வேறு எதையோ சொல்ல வந்து விழுங்கியது மாதிரியும் இருந்தது.

அடுத்த வாரம் அவளைக் கவுன்ட்டரில் போட்டார்கள். அவள் பயந்தது எல்லாம் அங்கே இருந்தது: கண்ணாடித் தடுப்பு, முத்திரை, மைப்பெட்டி, சுழல் நாற்காலி. நாற்காலியை அவள் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றுகொண்டே முத்திரை குத்துகிறாள். முட்டி வலித்தால் மேசையில் சாய்ந்துகொள்கிறாள். கட்டைவிரலுக்கு எண்ண வேறு ஒன்றும் கிடைக்காமல் வரிசையில் நிற்கும் தலைகளை எண்ணுகிறது. பன்னிரண்டுக்கு மேல் போனால் அவளுக்கு உற்சாகம் வந்துவிடும். விதிப் புத்தகத்தில் ‘மூன்று காலடி’ என்பதை அடித்துவிட்டு, ‘நடைபாதைக் கல் நான்கு’ என்று மாற்றியிருக்கிறார்கள். அது யார் யோசனை என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவே நடக்கிறாள். பத்தொன்பது வரைக்கும் இறங்கியிருக்கிறது.

மீதிக் கதை ஒரு வருடம் கழித்து, கொக்கு தன் தங்கைகளிடம் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நம்மவளுக்கு அது இன்றுவரை தெரியாது.

“அவங்க எந்தத் தொப்பி போட்டாலும் எங்களுக்குத் தெரியும்” என்றாள் கொக்கு. “மணிக்கூண்டுகிட்ட நிக்கிறவன் பலகையை இடது கைக்கு மாத்துவான். மூணு ஸ்டெப் அக்கா வர்றாங்கன்னு அர்த்தம். அன்னிக்கும் மாத்தினான். நான் நாலாவது கல்லுல நிக்கத்தான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவங்க முட்டி மடங்குச்சு. விழுந்துட்டா புடிக்கலாம்னுதான் கையை நீட்டினேன்.”

இதை விசாரணையிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஒரு தங்கை கேட்டதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சொன்னா அவங்களைத் தெருவுல இருந்து எடுத்துடுவாங்க. புது ஆளைப் போடுவாங்க. புது ஆள் மூஞ்சியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு மாசம் ஆகும்.” பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “அந்த முட்டியை மறைக்க அவங்க என்ன பாடு படறாங்கன்னு தினமும் பார்க்கறவ நான். நானா போய் எப்படிச் சொல்றது?”

அதோடு அந்த வியாழக்கிழமை முடியவில்லை. ஐந்தாவது காலடியில் பேச்சை நிறுத்தினாளே தவிர, கொக்கு நடையை நிறுத்தவில்லை. பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கை நீளம் இடைவெளி விட்டு, மருந்துக்கடையையும் தாண்டி, பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் நம்மவள் உட்காரும் வரை சத்தமில்லாமல் பின்னாலேயே போயிருக்கிறாள். எண்ணிக்கொண்டே போயிருக்கிறாள், கல்லை அல்ல, அவள் காலடியை. நூற்றுப் பதினேழு.